பயறு ஊறிய தண்ணீர்

பப்பாந்த்லாவில் எங்கள் தெருவில் ஒதிலியாவைப் போல் பயறு சமைக்க ஆளில்லை. முதல் நாள் சாயங்காலமே கறுப்புப் பயறை ஊறப்போடுவாள். காலையில் அந்த மைக்கறுப்புத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொல்லையில் கொட்டிவிட்டு, புதுத்தண்ணீரில் பொங்கவிட்டு, நுரையை வழித்தெறிவாள். அப்புறம் எப்பாசோத்தே கீரையைக் கொத்தாகப் போடுவாள். தண்ணீர் வற்றினால் வெந்நீர்தான் ஊற்றுவாள். எல்லாம் அவள் கணவன் நிக்கனோரின் வயிற்றுக்காக. பக்குவம் தப்பினால் வாயு பிடித்து ஆளையே சுருட்டிப் போட்டுவிடும்.

வேறொருவன் வயிறென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நிக்கனோர் பறப்பவர்களின் தலைவன். மாதா கோயில் முன்னால் நட்ட கம்பம் தென்னையைவிட உயரம். நாலு பேர் இடுப்பில் கயிறு கட்டி, உச்சியிலிருந்து தலைகீழாகச் சுற்றிச்சுற்றி இறங்குவார்கள். அவன் மட்டும் கயிறே இல்லாமல், அந்த உச்சியில் தட்டகல மரக்கட்டையில் நின்று குழலூதி ஆடுவான். அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிய முடியாது.

அந்த வருஷம், அவர்கள் பறக்கும் கார்ப்பஸ் கிறிஸ்டி திருநாளன்று ஒதிலியா விடியற்காலையிலேயே பலிபீடத்துக்குப் பூ கட்டப் போய்விட்டாள். பறக்கும் நாள் நெருங்கினால் அவர்களுக்கு மாமிசம் ஆகாது. பயறும் சோள ரொட்டியும்தான். அடுப்பை நிக்கனோரின் அக்கா எர்மெலிண்டா பார்த்துக்கொண்டாள். விருந்து நாளில் சாறு கன்னங்கரேலென்று இருக்க வேண்டும், வெளிறினால் வீட்டுக்கே கேவலம் என்பது அவள் கட்சி. எங்கள் ஊரில் பாதிப் பேர் கட்சியும் அதுதான்.

ஒதிலியா திரும்பி வந்தபோது நானும் கூட இருந்தேன். நிக்கனோர் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தான். பானையின் அடியில் கிடந்த சாற்றைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது.

"மதினி, ஊறின தண்ணிய கொட்டினீங்களா?"

"எதுக்குக் கொட்டணும்? சத்தே அதுலதான் இருக்கு. நீ வெக்கிறது சீக்காளிக் கஞ்சி மாதிரி இருக்கும். இன்னிக்குப் பாரு, தம்பி கேட்டுக் கேட்டு சாப்பிட்டான்."

ஒதிலியா கம்பத்தடிக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலு பேரும் பாதிக்கம்பம் ஏறியிருந்தார்கள். நிக்கனோர் முதல் படியில் கால் வைத்திருந்தான். அவள் கத்தியது மேளச் சத்தத்தில் காணாமல் போனது.

கம்பத்தைப் பெண் தொடக் கூடாது. தொட்டால் அது தீட்டு, பூசை போடாமல் யாரும் பறக்க மாட்டார்கள். பெண்டாட்டிகள்கூடச் சுவரோரம்தான் நிற்க வேண்டும். இதை எந்த மடையன் விதித்தானோ, எனக்கு எப்போதும் எரிச்சல்தான். ஆனாலும் பயந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நில்லுடி, இந்த ஊர்ல வாழ வேணாமா?" என்றேன்.

கையை உதறிவிட்டு நேரே நடந்து போய், இரண்டு உள்ளங்கைகளையும் கம்பத்தில் பதித்தாள்.

மேளம் நின்றது. மேலே போனவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். நிக்கனோர் முதல் படியில் நின்றபடியே அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன காரியம் பண்ணிட்ட ஒதிலியா?"

"எறங்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

வெளியூர்க்கூட்டம் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு கலைந்தது. பெரியவர்கள் அங்கேயே கூடிப் பேசி, தலைவனின் குழலை அவனிடமிருந்து வாங்கி இன்னொருவன் கையில் கொடுத்தார்கள். நிக்கனோர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வயிறு நொந்ததா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வாரம் கழிந்தும் அவன் அவளோடு பேசவில்லை. எனக்கே தாங்காமல், அவர் இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருக்கிறாரே, உனக்கு வலிக்கவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவள் ரொட்டி தட்டிக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள்.

"வலிக்காம என்ன? திருப்பிக்கிறதுக்கு அந்த மூஞ்சி இருக்குல்ல, அது போதும்."