றீற்றா அக்காவின் தினசரி ஓட்டம்

நோர்வேயில் வாகனம் பார்க்கப் போனால் விற்கிறவர் கார்த் திறப்பை மேசையில் வைத்து, இந்தாருங்கள் என்கிற அர்த்தத்தில் "வெர்ஷோகுட்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தன் கோப்பியோடு உள்ளே போய்விடுவார். தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். இந்தத் தை மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் அதே வேலைக்குப் போனபோது காருக்குள் நாலு பேர் இருந்தோம். நான், என் றீற்றா அக்கா, ஷோரூம்காரர் நஸீர், அவரோடு சேர்ந்து ஏறிக்கொண்ட இன்னொரு மனிதர். இவரும் ஷோரூம் ஆள்தான் என்று நினைத்து நான் பவ்வியமாக வணக்கம் வேறு சொன்னேன். பம்பலப்பிட்டியில் "இங்கினயே நிப்பாட்டுங்க, பெரிய உபகாரம்" என்று இறங்கிப் போய்விட்டார். ஷோரூமுக்குப் பக்கத்துக் கடைக்காரராம். அந்தப் பக்கம் ஏதோ அலுவலாம். நஸீருக்கு அது ஒரு விஷயமே இல்லை. இருபத்தெட்டு வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரனிடம் ஒரு லிஃப்ட் கேட்கவே மூன்று நாள் யோசிக்கிற ஊரில் இருந்துவிட்டு வந்த எனக்குத்தான் அது பெரிய சங்கதியாகப் பட்டது.

கார் எனக்கில்லை, அக்காவுக்கு. உண்மையைச் சொன்னால் அக்காவுக்கும் இல்லை. அக்காவை நகரத்தின் மற்றக் கோடியில் இருக்கிற கொட்டாஞ்சேனையிலிருந்து கிளப்புவதற்கு. அறுபத்தெட்டு வயது, கலியாணம் கட்டாதவ, ஓய்வுபெற்ற ஆசிரியை, இரண்டு முழங்காலும் போய்விட்டது. அப்பா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த காலத்தில் எடுத்த ஒடுங்கிய மாடிவீட்டில் தனியே இருக்கிறா. இரண்டு வருஷத்துக்கு முன் படியில் தவறி விழுந்து இடுப்பில் அடி. பக்கத்து வீட்டு சுனில் தூக்கித் தன் முச்சக்கரவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். எனக்குத் தெரிய வந்தது மூன்றாம் நாள். ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் நான் வேலை செய்கிறேன். ஆரோ பெற்ற தாய் தகப்பனை ஒவ்வொரு நாளும் கைத்தாங்கலாக எழுப்பி இருத்துகிறேன். என் அக்கா விழுந்துகிடந்தது எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அதனால் போட்ட திட்டம்தான் இது. வெள்ளவத்தையில் லிஃப்ட் உள்ள ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருந்தேன். கீழ்த்தளத்தில் வாகனம் விட இடமும் சார்ஜ் ஏற்றுகிற பிளக்கும் உண்டு. ஃபிளாட் என்றால் அக்கா மாட்டேன் என்பா. மின்சார கார் என்றால் ஆசைப்படுவா, பெற்றோல் கியூக் காலத்தில் முச்சக்கரவண்டி கிடைக்காமல் அவ்வளவு பட்டிருந்தா. ஓட்டுவதற்குக் கூப்பிடும்போது வருகிற ஒரு ஆளைப் பிடிக்கலாம். கொட்டாஞ்சேனையில் சந்து மாதிரியான ஒழுங்கையில் காரை விடவும் இடமில்லை, சார்ஜ் ஏற்றவும் வழியில்லை. கார் வந்தால் ஆளும் பின்னாலே வெள்ளவத்தைக்கு வந்துதானே ஆகவேண்டும். எனக்கே என் கெட்டித்தனத்தில் கொஞ்சம் பெருமை. வேலையிடத்தில் இங்கரிடம் இதைச் சொன்னேன். நல்ல மனுஷி, பதினைந்து வருஷமாக என்னோடு வேலை செய்கிறவ.

"உன் அக்கா கார் கேட்டாவா?" என்றா.

"எங்கள் ஊரில் கேட்டுச் செய்கிற வழக்கமில்லை."

"ஓ, பிறந்தநாளா! ஆளுக்குத் தெரியாமல் கொடுக்கப் போகிறாயா?"

ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். விளங்கப்படுத்தப் போனால் எனக்கே விளங்கிவிடும் என்ற பயம்.

ஷோரூமில் இரண்டு சின்ன எஸ்யூவி நின்றன, ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். சாதாரண காரைவிட இருக்கை உயரமாக இருந்தால் முழங்கால் நோவுள்ளவர்களுக்கு ஏறி இறங்கச் சுகம், மழைவெள்ளத்துக்கும் நல்லது என்று நான் வாசித்து வைத்திருந்தேன். வாசித்த எல்லாவற்றையும் நஸீரிடம் கேட்டேன். குளிரில் பற்றறி எவ்வளவு இறங்கும்? சீற்றுக்குச் சூடேற்றி உண்டா? நஸீர் பாவம், மரியாதைக்கு அடக்கிக்கொண்டு, "கொழும்பில சீற்ற சூடாக்கவா அன்ரி?" என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

"அது கிடக்கட்டும் அன்ரி, ஒரு நாளைக்கு எத்தின கிலோமீற்றர் ஓட்டம் ஈக்கும்?"

"அறுபது," என்றேன் நான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அது என் வீட்டிலிருந்து இல்லத்துக்குப் போய்வருகிற தூரம்.

"அவ தன்ர ஓட்டத்தைச் சொல்றா," என்றா அக்கா. "என்ர ஓட்டத்தை நான் காட்டுறன். கொட்டாஞ்சேனைக்கு விடச் சொல்லுங்கோ."

நீலக் காரை நான்தான் ஓட்டினேன். அதற்கான அனுமதிப்பத்திரம் எல்லாம் முறையாக எடுத்துத்தான் வந்திருந்தேன். அக்கா எனக்குப் பக்கத்தில், நஸீர் பின்னால். சத்தமே இல்லாமல் கார் காலிமுகத்திடலைத் தாண்டியபோது எனக்குப் பழைய சனிக்கிழமைகள் ஞாபகம் வந்தன. அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை என்னை பஸ்ஸில் வெள்ளவத்தைக்குக் கூட்டிப்போவா. யன்னல் பக்கம் எனக்குத்தான். ஒவ்வொரு ஒழுங்கை முடிவிலும் ஒரு துண்டுக் கடல் தெரிந்து மறையும். நான் எண்ணிக்கொண்டே வருவேன். சட்டைத்துணி, ஒரு கட்லட், ஒரு ஃபலூடா, திரும்பிவரும்போது அக்காவின் மடியில் நித்திரை. எங்கள் வீட்டில் கார் இருந்ததில்லை. வேண்டும் என்று தோன்றியதுமில்லை. அந்த பஸ்ஸில் அக்காவின் தோளில் அடிக்கிற பவுடர் வாசம், வியர்வையோடு கலந்து, இப்போதும் மூக்கில் இருக்கிறது. எவ்வளவு நல்ல நாட்கள் அவை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புறக்கோட்டை நெரிசலைக் கடந்து கொட்டாஞ்சேனைக்குள் வந்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தா. "மீற்றரைப் பாத்துக்கொள்ளுங்கோ தம்பி," என்று நஸீரிடம் சொன்னா. வீட்டு ஒழுங்கை வாசலிலிருந்து தொடங்கினோம். முதலில் கோயில். வாசலில் மெழுகுதிரி விற்கிற மனுஷி குனிந்து பார்த்து, "ரீச்சர், புதுக் காரா? ஃபாதரிட்ட மந்திரிச்சாச்சே?" என்றா. பிறகு பாண் வாங்குகிற பேக்கரி. அங்கேயும் ஒரு தலை யன்னலுக்குள் வந்தது. பிறகு பின்னேரங்களில் அக்கா பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வீடு. பிறகு மீன்காரர். அவரோடு சிங்களத்தில் பாரைமீன் விலைக்கு ஒரு சண்டை, கார் யன்னல் வழியாகவே. பிறகு திரும்ப ஒழுங்கை வாசல்.

"எத்தினை?" என்றா அக்கா.

"ரெண்டு கிலோமீற்றரும் இல்ல அன்ரி."

"இதுதான் என்ர ஒரு நாள்."

வியாபாரம் போய்விட்டது என்று நஸீருக்கு அப்போதே தெரிந்திருக்கும். அழுகை வந்தால் அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று அவசரமாகக் காரை எடுத்து, அடுத்த சந்தியில் வலது பக்கம் திருப்பினேன். றோட்டு வெறிச்சென்று கிடந்தது. நல்ல சுகமாகத்தான் ஓடியது, எதிரே ஒரு முச்சக்கரவண்டி என் மூக்குக்கு நேரே கிறீச்சென்று நிற்கும்வரை. நான் பிழையான பக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். நான் பிறந்த ஆஸ்பத்திரியும் படித்த பள்ளிக்கூடமும் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற றோட்டில், நோர்வேக்காரி மாதிரி வலது பக்கத்தில்.

வண்டிக்காரர் இறங்கி வந்து சிங்களத்தில் ஏசத் தொடங்கினார். எனக்குச் சிங்களம் வராததில்லை. ஆனால் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. அக்கா யன்னலால் தலையை நீட்டினா. "தரஹ வென்ன எப்பா மல்லி, மெயா பிட்டரட்டின் ஆவே." கோவிக்காதே தம்பி, இவ வெளிநாட்டிலிருந்து வந்தவ.

அவருடைய முகம் உடனே மாறிவிட்டது. வெள்ளைக்காரருக்குக் காட்டுகிற பொறுமையோடு கையைக் காட்டி, இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று எனக்குப் பாதை சொல்லித்தந்தார். ஏச்சே பரவாயில்லைப் போல இருந்தது.

அதன்பிறகு நஸீர் ஓட்டினார். எங்களை ஒழுங்கை வாசலில் இறக்கிவிட்டு, "யோசிச்சிட்டு கோல் பண்ணுங்க அன்ரி," என்று போனார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தா.

"நீ கார் வாங்க வரேல்ல, பேபி. என்னைக் கிளப்ப வந்தனீ."

"ஓம்," என்றேன். "திரும்ப விழுந்தா என்ன செய்வீங்கள்?"

"விழுவன்தான். இஞ்ச விழுந்தா சுனில் வருவான், அவனிட்ட வீட்டுத் திறப்பு இருக்கு. நீ ஃபிளாட்காரரோட போனில கதைச்சதைக் கேட்டனான், வெள்ளவத்தையில லிஃப்ட் இருக்கு, பிளக் இருக்கு. விழுந்தா தூக்கிறதுக்கு ஆர் இருக்கினம்?"

நான் இருக்கிறேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். பத்து நாளில் எனக்கு விமானம். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடு, பாணும் சம்பலும் இருக்கு, வந்து சாப்பிடு," என்றா. ஃபிளாட்காரருக்கு அன்றைக்கே வேண்டாம் என்று அறிவித்தேன். மீதி நாட்களில் வீட்டுப் படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி போடுவித்தேன். சுனிலின் நம்பரை என் போனில் முதலாவதாகப் பதிந்துகொண்டேன். முந்தியே செய்திருக்க வேண்டிய வேலை. மீதி நாள் முழுக்க நடந்தே திரிந்தோம், அக்காவின் அந்த இரண்டு கிலோமீற்றருக்குள்.

நோர்வேக்கு வந்த கையோடு என் பழைய காரைக் கொடுத்துவிட்டு, அதே மாதிரி நீல எஸ்யூவி ஒன்றை வாங்கினேன். எனக்கு உண்மையாகவே நாளுக்கு அறுபது கிலோமீற்றர் ஓட்டம். இங்கர் பார்த்துவிட்டு, "அக்காவுக்கு வாங்கியது பிடித்ததா?" என்று கேட்டா. "நல்லாப் பிடித்தது," என்றேன்.

முதல் நாள் காலை பனியைத் தட்டிவிட்டு, வலது பக்கக் கதவைத் திறந்து ஏறினேன். பெல்ட்டையும் போட்டேன். கையை நீட்டினால் எதிரே ஒன்றும் இல்லை. ஸ்ரியறிங் மற்றப் பக்கத்தில், கொழும்பில் அக்கா உட்கார்ந்திருந்த இடது பக்கத்தில் இருந்தது. கொழும்பிலும் பிழையான பக்கம், இங்கேயும் பிழையான பக்கம். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும், அந்த வெறும் இடது சீற்றைப் பார்த்தபடி பெல்ட்டோடு அப்படியே இருந்தேன்.