எண் இல்லாத சீட்டு

1941 ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. மயிலாப்பூரில் எங்கள் தெருவை அடுத்திருந்த வாசகசாலையில் அவமானப்பட்டேன். தமிழிலேயே படித்துவிட்டு அப்போதுதான் ஆங்கில வகுப்பில் சேர்ந்திருந்தேன். அங்கே அலமாரிப் பக்கம் யாரும் போகக்கூடாது. இழுப்பறைகளிலுள்ள அட்டைகளைப் பார்த்து, புத்தகத்தின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் நூலகர் எடுத்து வருவார். எனக்கு அது தெரியாது. பெயரை மட்டும் எழுதி நீட்டினேன்.

அவர் சீட்டின் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டார். "எண் எங்கே?"

"எங்க பாக்கணும் சார்?"

"அதுவே தெரியாதவங்களுக்கு இங்க என்ன வேலை? மாம்பலம் சந்தைக்குப் போ. பேரைச் சொன்னாப் போதும், எடுத்துக் கொடுப்பான்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சீட்டை மடித்து நாட்குறிப்பில் வைத்துக்கொண்டேன்.

ஐந்து ஆண்டுகள் கழித்து நானே மாலையில் ஆங்கில வகுப்பு நடத்தினேன். எட்டுப் பேர். டிராம் கண்டக்டர்கள், அச்சுக்கோப்பவர்கள், தேனாம்பேட்டையிலிருந்து நடந்தே வரும் ஒரு நர்ஸ். பாடத்தைவிட அட்டை இழுப்பறையைத்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தேன். எப்படித் தேடுவது, எண்ணை எப்படிக் குறிப்பது, யார் சொன்னார், எந்தப் பக்கத்தில் என்று எழுதிக்கொள்வது. நல்லெண்ணத்தோடு செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஆண்டு அதே நூலகர், மயிலாப்பூரின் பழைய சங்கதிகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டிருந்தார். வெள்ளம் வந்த ஆண்டு, குளம் தூர் வாரிய ஆண்டு, எல்லாம் வாய்க்கு வந்தபடி. ஆதாரம் ஒன்றுகூட இல்லை. அதிலிருந்து ஆளுக்கொரு வரி பிரித்துக் கொடுத்து, பழைய செய்தித்தாள் தொகுப்புகளில் சரிபார்க்கச் சொன்னேன்.

சனிக்கிழமை எட்டுச் சீட்டுகள் போயின. எட்டிலும் எண் இருந்தது. விதிப்படி அவர்தான் ஏணியில் ஏறி, தன்னைப் பொய்யாக்கும் கனத்த தொகுப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வரவேண்டும். தூக்கி வந்தார். வேட்டியெல்லாம் தூசி.

ஒரு கண்டக்டர் நூலின் வரியில் விரலை வைத்து, டிராமில் கத்துகிற குரலிலேயே கேட்டார். "இன்னா சார், உங்க புக்குல வெள்ளம் இந்த வருசம்னு கீது. பேப்பர்ல பாத்தா ரெண்டு வருசம் முன்னாடியே வந்துட்டுப் பூட்டுதே?"

வரிசை இப்போதும் சிரித்தது.

மூலை மேசையில் உட்கார்ந்திருந்த என்னிடம் நூலகர் வந்தார். "இவங்களுக்கு யார் இதெல்லாம் கத்துக் கொடுத்தது?"

பழைய சீட்டை மேசையில் விரித்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"கோடு என்னோடதுதான். எழுதினது யாரு?"

அவருக்கு நினைவில்லை. ஐந்து ஆண்டுகள் நான் சுமந்த அந்தச் சனிக்கிழமை அவரிடம் இல்லவே இல்லை. சீட்டை மடித்து எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு வரி கொடுத்தேன்.