கூரையில் ஆறு மில்லிமீட்டர்

ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் ஆகியும் பழைய ஆட்கள் அவளை ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கார் கம்பெனியின் வரைபடக் கூடத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் குப்பை கொட்டியவள். கடையில் வெள்ளரிக்காயை அளந்து பார்த்து வாங்கினாள் என்று மருமகன் கிளப்பிவிட்ட கதை மட்டும் பொய்.

தெருவில் போகும் புதுக் கார்களைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “ஏன்டி இதுங்கெல்லாம் இப்படி முறைச்சுக்கிட்டே போகுது? நாம என்ன பண்ணிட்டோம்?” என்று மகளிடம் கேட்பாள். இடுக்கிய கண்ணாக விளக்குகள், மூஞ்சியில் பாதியை விழுங்கிய கறுப்பு வலை, பக்கவாட்டில் காரணமே இல்லாமல் நாலு மடிப்பு. பின் ஜன்னலோ தபால் பெட்டியின் வாய் அளவுக்குத்தான். அவள் காலத்துக் காருக்கு இரண்டு வட்ட விளக்கு, நடுவில் ஒரு வெள்ளிப் பட்டை, தீர்ந்தது கதை. எதிரே வந்தால் வணக்கம் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். “உங்க வண்டி மோதினா வண்டிக்கு ஒண்ணும் ஆகாதும்மா. உள்ள இருக்கறவங்கதான் போய்ச் சேருவாங்க” என்பாள் மகள். அதுவும் உண்மைதான். உண்மை என்பதாலேயே அவளுக்குக் கோபம் இன்னும் ஏறும்.

அந்தக் கூடத்தில் காரை முழு அளவிலேயே வரைவார்கள். பதினான்கு அடி நீளத்துக்குத் தாள் மேடைமேல் விரிந்து கிடக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, சாக்ஸோடு தாளின்மேல் ஏறி மண்டியிட்டு வரைய வேண்டும். வளைவு வேண்டுமென்றால் மெல்லிய மரப்பட்டையை வளைத்து, அது நிமிர்ந்துகொள்ளாமல் ஈயக் கட்டிகளை வரிசையாக வைத்து, அதன் ஓரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு பென்சிலை இழுக்க வேண்டும். ஒரு கூரை வளைவுக்கு ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியாது. அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண். ஆனால் அந்தத் தாளின்மேல் மண்டியிட்டிருந்த நேரத்தைப் போல அவள் வேறெங்கும் சந்தோஷமாக இருந்ததில்லை.

தாளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஈரக் காற்று பட்டால் ஊறி விரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு தாளிலும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் சரியாக ஒரு மீட்டர் இடைவெளியில் கூட்டல் குறிகள் போட்டு வைப்பார்கள். தாளிலிருந்து பலகையில் அச்சு எடுக்கிற நாள் காலையில், அந்தக் குறிகளை எஃகு ஸ்கேலால் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது அவள் வேலை. பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான்.

கையெழுத்து விழுந்த பிறகு அச்சுக்காரர் வருவார். தாளில் இருக்கும் கோட்டைப் பலகையில் எடுத்து அறுத்துக் கொடுப்பவர். அவருக்கு ‘ரம்பம்’ என்று பெயர். பேச்சுக்காக வந்த பெயர் அல்ல. மனுஷன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் அறுத்தால் பென்சில் கோட்டில் பாதி பலகையில் இருக்கும், பாதி தூளோடு போயிருக்கும். அவ்வளவு கச்சிதம். டீ வந்தால், “எடுத்துக்க தங்கச்சி” என்று முதல் கிளாஸை அவள் பக்கம் நகர்த்துவார்.

அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது. மேடைமேல் கிடந்தது அவள் வரைந்து முடித்த ஒரு புதுக் காரின் கூரை. மூன்று நாள் விடாத மழை. மாலையில் மழை பார்க்க மேடையோர ஜன்னலைத் திறந்தவள், சாத்தாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் பஸ் கிடைக்காமல் தாமதமாக ஓடி வந்தால், தலைமை வரைவாளர் அச்சுக்கு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நேற்றுத்தானே அளந்தோம் என்ற அசட்டுத் துணிச்சலில் அளக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து முன் கண்ணாடி வந்தது. அச்சுப் பலகைகளை வைத்துச் செய்த மர மாதிரியில் பொருத்தினால் கூரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஆறு மில்லிமீட்டர் சந்து. அச்சு எடுத்த அன்று தாள் ஈரத்தில் விரிந்திருந்தது என்று அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. தலைமை வரைவாளர் மாதிரியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். “அட, கூரை கொஞ்சம் தூக்கினா அழகாத்தான்யா இருக்கு! இப்படியே இருக்கட்டும், கண்ணாடிய மாத்துங்க” என்றார். ஆனாலும் தவறு என்று ஒன்று நடந்துவிட்டால் அதற்கு ஆள் வேண்டுமே. தாளை அளந்தார்கள். அது வெயிலில் காய்ந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பழைய அளவுக்கே திரும்பியிருந்தது.

ரம்பம் குனிந்து தாளின் ஓரத்தைப் பார்த்தார். “தங்கச்சி கையெழுத்து இருக்கு சார். அப்போ கோடு சரிதான். என் கைதான் நழுவியிருக்கும்” என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். பொம்பளைய வேலைக்கு எடுத்தா இப்படித்தான் என்ற பேச்சு அந்தக் கூடத்தில் யார் வாயிலிருந்து வேண்டுமானாலும் விழக் காத்திருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வாரம் ரம்பத்தை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்தக் கார் இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடியது. கூரையைப் பார்த்து ஜனங்கள் ‘தொப்பி வண்டி’ என்று செல்லப் பெயர் வைத்தார்கள்.

இப்போது கம்பெனி அதே பெயரில் புதுக் கார் விடுகிறது. அறிமுக விழாவுக்குப் பழைய ஊழியர்களையும் அழைத்திருந்தார்கள். பழைய வண்டியும் புது வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. புதிதுக்கு வழக்கமான முறைப்புதான். ஆனால் அவள் கண் மேலே போனபோது அங்கே அவளுடைய கூரை இருந்தது. வடிவமைப்புத் தலைவி, அவள் மகள் வயதுக்காரி, ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மத்த எல்லாத்தையும் மாத்திட்டோம் மேடம். இந்தக் கூரையில ஒரு சின்ன எழும்பல் இருக்குல்ல, அதை மட்டும் தொடவே மனசு வரல. கம்ப்யூட்டர்ல அளந்து அப்படியே எடுத்திருக்கோம். இது எப்படித் தோணுச்சுன்னு நீங்க மேடையில சொல்லணும்.”

அவள் கையை விடுவித்துக்கொண்டு நாற்காலிகள் பக்கம் நடந்தாள். மூன்றாவது வரிசையில் ரம்பம் மனைவியோடு உட்கார்ந்திருந்தார்.

“நல்லாருக்கியா தங்கச்சி? நான் கெடுத்த கூரை, அதைப் போய்க் கொண்டாடுறாங்க பாரு” என்று சிரித்தார்.

“அதுக்கப்புறம் இவரு ரம்பத்தத் தொட்டாத்தானே? ஒரு அலமாரி செய்யணும்னாகூட ஆளக் கூட்டிட்டு வருவாரு. என் கைய நம்ப முடியாதும்பாரு” என்றாள் அண்ணி, வேடிக்கை போல.

மேடை ஏறி மைக்கைப் பிடித்தாள். மழையையும் ஜன்னலையும் தாளையும் சொன்னாள். மழை போட்ட கூரையா என்று கூட்டம் ரசித்துச் சிரித்தது. “சிரிக்காதீங்க. அளக்காம கையெழுத்துப் போட்டது நான். பழி விழுந்தது அந்த அண்ணன் மேல. தெரிஞ்சும் நான் வாயத் திறக்கல” என்றாள். சிரிப்பு நின்றது. பிறகு யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

ரம்பம் தட்டவில்லை. எழுந்து, நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து மேடையருகே வந்து அண்ணாந்து பார்த்தார்.

“அப்போ என் கை நழுவலையா?”

“இல்லண்ணே. நீங்க கோட்டு மேலயேதான் அறுத்தீங்க.”

திட்டுவார் என்று காத்து நின்றாள்; திட்டியிருந்தால் தேவலை. அவர் திரும்பி நடந்து, தம் இடத்தில் போய் உட்கார்ந்தார். “என்னவாம்?” என்றாள் மனைவி. அவர் வலது கையை அவள் முன்னால் விரித்துக் காட்டினார்.

“நாப்பத்திரண்டு வருஷம்டி” என்றார். “இது தப்பே பண்ணலையாம்.”