பன்றிக்கு வாலாட்டிய காவல் நாய்

களக்காட்டில் எங்கள் வாழைத்தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் பாழாக்கின. காவலுக்காக ராஜபாளையம் நாயையும் லேப்ரடாரையும் நானே இணைசேர்த்துக் குட்டி எடுத்தேன். அதன் வீரமும் இதன் சாந்தமும் சேர்ந்துவரும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். வளர்ந்த நாயோ பன்றியைக் கண்டு வாலாட்டியது, பால்காரரைக் கடித்தது.

எங்காவது தொலைத்துவிட்டு வரலாம் என்று எரிச்சலோடு அதை ஆட்டோவில் ஏற்றினேன்.

"யாரக் கொண்டு பொறந்திருக்க, சனியனே?" என்று கத்தினேன்.

மனைவி வண்டியை மறித்தாள்.

"ஒங்க அறிவும் என் பொறுமையும் வரும்னுதான நம்ம மவனப் பெத்தோம்? என் கோவமும் ஒங்க சோம்பலும்லா வந்திருக்கு. அவன எங்கன கொண்டுபோய் விடப் போறிய?"

நாயை இறக்கினேன். அது என் கையை நக்கியது.

'யாரக் கொண்டு பொறந்திருக்க' என்று மகனிடமும் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! நாய்க்காவது அது புரியவில்லை.