பச்சை பஸ்ஸைச் சிவப்பு பஸ் வாங்கின காலம்

பஸ் கொம்பனிக் கந்தோரில் வேலை பார்க்க பஸ் ஓடத் தெரியத் தேவையில்லை. அந்த பஸ் இன்றைக்கு ஆருடையது என்று தெரிந்தால் போதும்.

நீங்களும் ஏதோ ஒரு கவுண்டருக்கு முன்னாலோ பின்னாலோ நின்று அவதிப்பட்டவராகத்தான் இருப்பீர்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். எண்பத்தாறாம் ஆண்டு கடைசியில் லா ஷப்பெல் மெற்றோப் பாலத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஒரு சின்னப் பயணக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தேன். பாரிசில் இருந்து லண்டன் வரை எங்கள் பஸ் போகும். லண்டனில் இருந்து மற்ற ஊர்களுக்கு இங்கிலாந்துக் கொம்பனிகளின் பஸ். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரிக்கெற் நாங்கள் கொடுப்போம். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள்.

முதல் கடிதம்

கந்தோரில் மூன்று பேர்தான். முதலாளியை எல்லாரும் ‘பத்ரோன்’ என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சைத் தவிர வேறு பாஷை தெரியாத, அதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாத மனிதர். கணக்குப் பார்த்தவர் சவரி ஐயா, பாண்டிச்சேரிக்காரர். அவருக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, இங்கிலீஷ் ஒரு சொல்லும் வராது. நான் யாழ்ப்பாணத்தில் இங்கிலீஷ் தட்டெழுத்து வேலை பார்த்தவள். என் பிரெஞ்சோ பாண் வாங்கும் ரொட்டிக் கடையைத் தாண்டாது. ஆக, இங்கிலாந்தில் இருந்து கடிதம் வந்தால் நான் தமிழில் சொல்ல, சவரி ஐயா பிரெஞ்சில் சொல்ல, பத்ரோன் தலையைச் சொறிவார்.

முதல் நாளே ஒரு கடிதத்தைக் கையில் தந்தார்கள். அதுதான் எனக்குச் சோதனை. இங்கிலாந்து அரசாங்கம் தன்னுடைய பெரிய பஸ் கொம்பனியைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியிருந்தது. எங்களோடு வேலை செய்த துண்டை அங்கே சம்பளத்துக்கு இருந்த மனேஜர்மாரே சேர்ந்து வாங்கிவிட்டார்களாம். நான் சொல்லி முடித்ததும் சவரி ஐயா பிரெஞ்சில் வாயைத் திறக்காமல் பத்ரோனின் கதவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து சொன்னார்: “நேத்து வரைக்கும் சம்பளக்காரன், இன்னிக்கு மொதலாளி. இத மெதுவாத்தாம்மா சொல்லணும், நம்ம பத்ரோன் என்னையே சந்தேகமா பாப்பாரு.”

டொரீன்

அடுத்த கிழமை அந்தக் கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்தேன். ஒரு பெண் கேள்விப்படாத ஒரு பெயரைச் சொல்லிக் காலை வணக்கம் சொன்னாள். பிழையான நம்பர் என்று வைத்துவிட்டேன். திரும்ப எடுத்தேன். அதே குரல், அதே பெயர். மன்னிப்புக் கேட்டு வைத்தேன். மூன்றாம் முறை நம்பரை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிச் சுழற்றினேன். அதற்குள் மேலே மெற்றோ போனது. மெற்றோ போனால் எங்கள் கந்தோரில் ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்காது. சத்தம் அடங்கியபோது அந்தப் பெண் கத்திக் கொண்டிருந்தாள்.

அவள் பெயர் டொரீன். பதினைந்து வருசமாக அதே கதிரையில் இருந்து ரெலிபோன் எடுப்பவள். கொம்பனியின் பெயரை அந்தத் திங்கட்கிழமைதான் மாற்றினார்களாம். அன்றைக்கு அவள் சொன்னது இதுதான்: “தயவுசெய்து வைக்காதீர்கள், காலையில் இருந்து எல்லாரும் வைக்கிறார்கள், என் அம்மா உட்பட.”

மதாம் லூர்து ஏறிய பஸ்

டொரீனின் கொம்பனி பஸ்கள் பச்சை. பெயர் மாறினாலும் நிறம் மாறாது என்று நினைத்தேன். ஆகவே ரிக்கெற் வாங்க வருபவர்களுக்குப் பெயரைச் சொல்லாமல் நிறத்தைச் சொல்லி அனுப்பினேன். ‘லண்டனில் இறங்கி பச்சை பஸ்ஸில் ஏறுங்கோ.’ மூன்று நாலு மாதம் இது நன்றாக ஓடியது. இந்த யோசனைக்காகப் பத்ரோன் ஒருநாள் எனக்குக் கை கூடத் தந்தார்.

பிறகு பச்சைக் கொம்பனியைச் சிவப்புக் கொம்பனி வாங்கியது. அந்த நேரம் பார்த்து மதாம் லூர்து போனார். பாண்டிச்சேரி அம்மா, பிரெஞ்சு அரசாங்கத்தில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர், மகளின் பிரசவத்துக்கு அவசரமாகப் போகிறவர். பச்சை பஸ் வரும் என்று லண்டனில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். பெயின்ற் அடிப்பதைப் பாதியில் விட்டு ஓட்டிக் கொண்டிருந்த பஸ்கள் அவர் முன்னால் வந்து வந்து போயின. கடைசியில் ஒரு றைவர் இறங்கி வந்து கையைப் பிடித்து ஏற்றினாராம். பேரன் பிறந்து நாலு மணி நேரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

திரும்பி வந்ததும் நேரே என் மேசைக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று எழும்பி நின்றேன். பேரனின் படத்தைக் காட்டினார், கன்னத்தில் முத்தமும் தந்தார், பிறகு கைப்பையை மூடிக்கொண்டு கேட்டார்: “முன்னால பாத்தா செவப்பு, பின்னால பாத்தா பச்சை, நான் எந்த பஸ்லதாம்மா போனேன்?”

ஒரு தேத்தண்ணி நேரம்

பாரிசுக்குப் பக்கத்து ஸ்தேனில் இருந்து வந்த ஜோசப் அண்ணை விசயத்தில் பிழை முழுக்க என்னுடையது. சிவப்புக் கொம்பனி போகிற ஊருக்கு நான் இன்னொரு கொம்பனியின் ரிக்கெற்றை எழுதிக் கொடுத்துவிட்டேன். எட்டு வருசமாகப் பார்க்காத தம்பியைப் பார்க்க, எவ்வளவோ அலைந்து விசா எடுத்துப் போனவர் அவர். லண்டனில் றைவர் ரிக்கெற்றைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டான். அது எங்கள் கொம்பனி இல்லை, இறங்கு என்றான். அண்ணை இறங்கி, செய்வதறியாமல் அங்கிருந்த கடையில் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்துக்கொண்டு நின்றார்.

அவர் குடித்து முடிக்கவில்லை, அதே றைவர் ஓடி வந்தானாம். கந்தோரில் இருந்து இப்போதுதான் சொன்னார்கள், அந்தக் கொம்பனியையும் நாங்கள் வாங்கிவிட்டோம், ஏறு என்று பெட்டியையும் தானே தூக்கிக் கொண்டு போனான். பத்து நாள் கழித்து அண்ணை சிரித்த முகத்தோடு வந்து, தம்பி தந்த பிஸ்கற் பெட்டியை என் மேசையில் வைத்தார். “தங்கச்சி, நான் ஒரு தேத்தண்ணி குடிக்கிறதுக்குள்ள கொம்பனியே கைமாறிட்டுது, இன்னொண்டு குடிச்சிருந்தா எனக்கும் ஒரு பஸ் தந்திருப்பாங்கள்!”

விளங்கேல்லை

எல்லாரும் வாங்குவதைப் பார்த்துப் பத்ரோனுக்கும் ஆசை வந்தது. இங்கிலாந்தில் கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு சின்ன நீலக் கொம்பனி இருந்தது. அதில் பாதியை வாங்கப் போகிறேன் என்றார். அந்த முதலாளி ஒரு நாள் எங்கள் கந்தோருக்கே வந்துவிட்டார். உயரமான, சாந்தமான மனிதர். அவர் இங்கிலீஷில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும், சவரி ஐயா அதைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். திரும்பி வருவதும் அதே வழிதான்.

தொடக்கத்திலேயே இடறியது. “அவர் உங்களோட ஆறுதலாக் கதைக்க வேணுமாம்” என்றேன். எங்கள் ஊரில் அப்படியென்றால் அவசரமில்லாமல் பேசுவது. துக்க வீட்டில் ஆறுதல் சொல்வது போல இவர் ஏதோ கதை சொல்லித் தேற்ற வந்திருக்கிறார் என்று சவரி ஐயா பிரெஞ்சில் சொல்லிவிட்டார். பத்ரோன் பாவம், கையைக் கட்டிக்கொண்டு கதை கேட்கத் தயாரானார். அதையும் சமாளித்தோம். பிறகு பத்ரோன் தன் திட்டத்தை அரை மணி நேரம் விளக்கினார். ஆங்கிலேயர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மரியாதையாக, தனக்குச் சரியாகப் புரியவில்லை என்றார். நான் சொன்னேன்: “உங்கட திட்டம் அவருக்கு விளங்கேல்லையாம்.”

எங்கள் ஊரில் விளங்கேல்லை என்றால் புரியவில்லை. சவரி ஐயாவின் ஊரில் விளங்காது என்றால் உருப்படாது. அவர் முகம் கறுத்தது. தயங்கித் தயங்கி, இந்தத் திட்டம் உருப்படாது என்று பிரெஞ்சில் சொன்னார். பத்ரோன் சிவந்து போய்ப் பைலை மூடினார். ஆங்கிலேயர் ஒன்றும் புரியாமல் கோட்டை எடுத்தார். என்ன நடந்தது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் அவர் மெற்றோவில் ஏறியிருந்தார். பத்ரோன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டு மாதத்தில் சிவப்புக் கொம்பனி அதே தெருக்களில் தன் பஸ்களை விட்டு, நீலக் கொம்பனியின் சனத்தை எல்லாம் ஏற்றிக் கொண்டு போய், கடைசியில் கொம்பனியையும் எடுத்துக் கொண்டது. பத்ரோன் பாதியை வாங்கியிருந்தால் எங்கள் கந்தோரும் அதோடு போயிருக்கும். சவரி ஐயா அந்தக் கடிதத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நா ஒண்ணும் தப்பா சொல்லல பாரும்மா, வெளங்காதுன்னேன், வெளங்கல.”

எங்கள் முறை

எண்பத்தெட்டில் சிவப்புக் கொம்பனி எங்களுக்கே எழுதியது. பத்ரோன் கதவைச் சாத்தி, எங்கள் இருவரையும் முன்னால் இருத்திக்கொண்டார். உங்கள் கந்தோரை வாங்க விரும்புகிறோம் என்று முதல் வரி. ஊழியர்களை வைத்திருப்பதா என்பதைப் பிறகு தீர்மானிப்போம் என்று இரண்டாவது வரி. லெ பிளாங்-மெனிலில் வாடகை வீடு, ஒரு றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவும் என் கணவர், இரண்டு பிள்ளைகள். வேலைக் கடிதம் இல்லாவிட்டால் என் கார்த்தை, இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையை, புதுப்பிக்கவும் முடியாது. அந்த இரண்டாவது வரியை விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மனம் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சவரி ஐயாவிடம் சொன்னேன்.

சவரி ஐயா பத்ரோன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு நல்ல பிரெஞ்சில் நீட்டி முழக்கிச் சொன்னார். என் அரைகுறைப் பிரெஞ்சுக்கே ஏதோ கூடுதலாக இருந்தது. பத்ரோன் எங்கள் இருவரையும் பார்த்துத் தலையாட்டினார். விற்பனைப் பேச்சு நடந்தபோது அவர் ஒற்றைக்காலில் நின்றுவிட்டார்: ஊழியர்களை விடமாட்டோம் என்று உங்கள் கடிதத்தில் சொன்னீர்கள், அதை எழுத்தில் தாருங்கள். அவர்களுடைய வக்கீல் பழைய கடிதத்தைத் தேடிப் பார்க்கச் சோம்பலோ என்னவோ, எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று மாலை படியிறங்கும்போது சவரி ஐயாவை நிறுத்திக் கேட்டேன். தொப்பியைச் சரி செய்துகொண்டு சொன்னார்: “நா பொய் சொல்லலம்மா, அவங்க எழுத மறந்தத ஞாபகப்படுத்தினேன்.”

டொரீனின் கடைசி நாள்

இப்போது டொரீனும் நானும் ஒரே கொம்பனி. சேர்ந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பு ஆறு மாதம்தான். எல்லா ஊர் ரெலிபோன்களையும் ஒரே நகரத்துக்கு எடுத்துக்கொண்டு மற்றக் கந்தோர்களில் ஆட்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கடைசி நாள் அவளே எனக்கு ரெலிபோன் எடுத்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம், அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் நூறு வருசமாக மாறவில்லையாம்.

சவரி ஐயா செய்ததைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மெற்றோ ஒன்று போனது. அது போய் முடியும் வரை இரண்டு பேரும் காத்திருந்தோம். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: “எங்களுக்கும் முதலாளிக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்திருக்கலாம்.”

கார்த்

எண்பத்தொன்பதில் சிவப்புக் கொம்பனியை அதைவிடப் பெரிய கொம்பனி ஒன்று வாங்கியது. அதே மாதம் நான் கார்த் புதுப்பிக்கப் போனேன். விடியவே போய் வரிசையில் நின்று, மத்தியானம் கவுண்டர்க் கண்ணாடிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். உள்ளே இருந்த அம்மா என் பைலில் இருந்த மூன்று வேலைக் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் பத்ரோனின் முத்திரை, ஒன்றில் சிவப்பு எழுத்து, ஒன்றில் அந்த வாரம் வந்த புது எழுத்து. மூன்று வருசத்தில் மூன்று வேலை மாறியிருக்கிறீர்களே, ஏன் நிலையாக இருக்கவில்லை என்று கேட்டார்.

என் பிரெஞ்சு முழுவதையும் திரட்டி, கதிரை அதே கதிரை, மேசை அதே மேசை, ஜன்னலும் அதே ஜன்னல் என்றேன். கையால் ஜன்னலையும் வரைந்து காட்டினேன். அவர் பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் கடிதங்களின் அடியில் இருந்த விலாசத்தைப் பார்த்தார்கள். மூன்றிலும் ஒரே தெரு, ஒரே இலக்கம். அந்த அம்மா பெருமூச்சு விட்டு முத்திரையை எடுத்தார். “மதாம், இன்றைக்கே குத்திவிடுகிறேன், நாளைக்கு உங்கள் முதலாளி யார் என்று உங்களுக்கே தெரியாது.”

மூன்று முதலாளிமாரில் ஒருத்தரிடம்தான் நான் வேலை கேட்டுப் போனேன். மற்ற இரண்டு பேருக்கும் நான் மேசை கதிரையோடு சேர்ந்து வந்த சாமான்.