மூன்று நாள் தண்ணீர்

என் அக்காவின் கணவர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலை ஏழு மணிக்கு ஏணியில் கால் வைத்தால், இருபத்திரண்டு மாடி உயரத்தில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும். இறங்கவும் அதே இருபது. நடுவில் சிறுநீர் கழிக்க ஒருமுறை இறங்கி ஏறினால், கம்பி கட்டுகிறவரிலிருந்து கான்கிரீட் லாரிக்காரர் வரை நூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மதியச் சாப்பாடே கயிற்றில் கட்டித்தான் மேலே போகும். ஆகவே மாமா விடியற்காலையில் ஒரு டீ குடிப்பதோடு சரி. மாலை ஆறு மணி வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. கட்டடத் தளத்தில் அவருக்கு ஒட்டகம் என்று பெயர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வேறு தளங்களில் காலி பாட்டிலை வைத்துச் சமாளிப்பார்களாம். இவருடைய கூண்டில், ஆள் தூங்கிவிடுகிறாரா என்று பார்ப்பதற்காகக் கேமரா பொருத்தியிருந்தார்கள். மேனேஜர் அறைத் திரையில் மாமா நாள் முழுக்கத் தெரிவார். கேமராவுக்கு முன்னால் யார் பாட்டிலை எடுப்பார்கள்?

எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடம் ஒருமுறை சர்க்கரை, உப்பு, சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் ஒரே குழாய் ரத்தத்தில் பார்த்து, டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி ஏணியைத் தொட விடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த ஒப்பந்தம் எங்கள் கூடத்துக்கு வந்தது. வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். தண்ணீர் குடிக்கலாம் என்று சொல்லவில்லை. அவரைப் பற்றித் தெரிந்தும் சொல்லாதது என் புத்தி. முந்தின நாள் முழுக்க வெயிலில் கூண்டுக்குள் காய்ந்த மனிதர், இரவிலும் வாயை நனைக்காமல் காலையில் வந்து கையை நீட்டினார்.

மறுநாள் ரிப்போர்ட்டில் மூன்று இடத்தில் நட்சத்திரம். அளவு தாண்டியதற்கெல்லாம் எங்கள் இயந்திரம் நட்சத்திரம் போடும். யூரியா அறுபத்திரண்டு. சோடியம் கூடுதல். சிறுநீரகம் பழுதானால் ஏறுகிற கிரியேட்டினின், ஒன்று புள்ளி ஐந்து.

கிரியேட்டினின் என்றால் என்ன என்று மாமாவுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவருடைய அப்பாவை வாரம் மூன்று நாள் என்று நான்கு வருடம் டயாலிசிஸுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். கடைசி மாதங்களில் அப்பாவுக்கு ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் தண்ணீர் என்று அளந்து கொடுத்தவரும் அவரே. அந்தக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கூடத்தின் பின்வாசலில் வந்து நின்றார்.

"அக்காகிட்ட மூச்சு விடாத மச்சான். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு."

நான் அவரை உட்கார வைத்து விளக்கினேன். அடுப்பில் இருப்பது சுண்டிப்போனால் போட்ட உப்பே கரிக்கும் இல்லையா, அப்படித்தான் இதுவும். ரத்தத்தில் தண்ணீர் வற்றியதால் எல்லாமே கூடுதலாகத் தெரிகிறது. கிரியேட்டினினைவிட யூரியா ரொம்பவும் ஏறியிருப்பதே அதற்கு அடையாளம். டாக்டரும் அதைத்தான் சொன்னார். மூன்று நாள் லீவு போட்டு, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

மாமா குடித்த குடியில் வீட்டுக் குடம் தாங்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போகிறாரே, மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று அக்கா எனக்குப் போன் செய்தாள். நான்காம் நாள் யூரியா இருபத்தாறு, கிரியேட்டினின் புள்ளி ஒன்பது. ஒரு நட்சத்திரம்கூட இல்லை. மாமா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன், வெட்கம் என்ன.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. தினமும் இப்படிக் காயப் போட்டால் சிறுநீரகம் எத்தனை நாளைக்குப் பொறுக்கும் என்று கேட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று ஆள் வேண்டும் என்று சான்றிதழிலேயே எழுதித் தருகிறேன் என்றார். மாமா பதறிவிட்டார்.

"எழுதிடாதீங்க டாக்டர். அந்தச் சீட்டோட போனா என்னையே மாத்திடுவாங்க. கீழ நாலு பேர் காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

நாற்பத்தாறு வயது, காலேஜில் இரண்டு பெண்கள், கிரேனைத் தவிர வேறு எதுவும் தெரியாது. டாக்டர் தகுதி என்று மட்டும் எழுதினார்.

நான் விடாமல் நச்சரித்ததால் மாமா ஒருநாள் மேனேஜரிடம் வாய்விட்டே கேட்டார். மாற்று ஆள் வேண்டாம், நடுப்பகலில் ஒரே ஒரு தடவை இறங்கிக்கொள்கிறேன் என்றார். மேனேஜர் ரிப்போர்ட்டை வாங்கி மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, பிறகு என்ன என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நோய் என்றால் வேலை போகும். நோய் இல்லை என்றால் கூண்டு. எந்தப் பக்கம் தள்ளினாலும் திறக்காத கதவு அது.

அடுத்த வருடம் பரிசோதனைக்கு முந்தின வாரம் மாமாவே போன் செய்தார். "வியாழக்கிழமை ரத்தம். திங்கள்லேருந்து லீவு போட்டுட்டேன் மச்சான்." நான் சிரித்தேன். கெட்டிக்கார மாமா என்றுகூடச் சொன்னேன். ரகசியம் தளம் முழுக்கப் பரவியது. மற்ற கிரேன்காரர்களும் மூன்று நாள் தண்ணீர் குடித்து, வயிறு குலுங்க வந்து கையை நீட்டினார்கள். எல்லோருக்கும் தகுதி. மாமாவுக்கு அந்த வருடம் கிரியேட்டினின் ஒன்று. அதற்கடுத்த வருடம் ஒன்று புள்ளி இரண்டு. எங்கள் இயந்திரம் ஒன்று புள்ளி மூன்றைத் தாண்டினால்தான் நட்சத்திரம் போடும். ஒரு நாளைக்கு எண்பது குழாய் பார்க்கிறவன் நட்சத்திரம் இருக்கிற வரியை மட்டும்தான் படிப்பான். நானும் அப்படித்தான் படித்தேன். புள்ளி ஒன்பதிலிருந்து ஒன்று புள்ளி இரண்டுக்கு ஏறியிருக்கிறதே என்று என் புத்திக்கு உறைக்கவில்லை.

இந்த வருடம் நட்சத்திரம் விழுந்தது. ஒன்று புள்ளி ஆறு. யூரியாவும் சோடியமும் அளவுக்குள்தான் இருந்தன. அதாவது ரத்தம் சுண்டவில்லை, மனிதர் ஒழுங்காகத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். இயந்திரத்தில் கோளாறாக இருக்கட்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டு அதே ரத்தத்தை இன்னும் இரண்டு முறை ஓட்டினேன். இரண்டு முறையும் அதேதான். பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். ரத்தத்தை எப்படிப் படிப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொடுப்பதாக நினைத்து, டாக்டரிடமிருந்து அதை எப்படி மறைப்பது என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மாமாவைப் பின்வாசலுக்கு வரச்சொல்லி நான்கு காகிதத்தையும் கையில் கொடுத்தேன். இந்தத் தடவை இது தண்ணீர்க் குறை இல்லை மாமா என்று சொன்னேன். அவர் அழவில்லை, என்மேல் கோபப்படவும் இல்லை. எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"மூணு நாள் பத்தலையோ மச்சான்? நாலு நாளா குடிச்சிருக்கணுமோ?"