அத்தையின் துப்பாக்கிக்கு ஒரு மணி

எங்கள் குடும்பத்தில் அத்தையை யாருக்கும் பிடிக்காது. எனக்கு மட்டும் அவள் என்றால் உயிர். பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிப்போன மறுவருஷம் மாமா செத்துப்போனார். கடலைக் கொல்லையில் புகும் பன்றிகளைச் சுட அவர் வைத்திருந்த துப்பாக்கி அத்தையிடம் தங்கிவிட்டது. சுடவும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார் மனிதர்.

பெரியப்பாவுக்கு அந்தத் துப்பாக்கிமேல் ஒரு கண். கருமாதி முடிந்த கையோடு முதலியார்பேட்டையில் அத்தை வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி? என்கிட்ட குடுத்துடு."

"அப்ப கொல்லைய யாரு காக்கறது, நீயாண்ணே?" என்றாள் அத்தை.

கடைசியில் பெரியப்பா ஒரு பந்தயம் வைத்தார். பன்றி வரும் நேரத்தில், அதாவது பொழுது சாயும்போது, நூறடி தள்ளித் தொங்கும் கரிச்சட்டியை நாலு பேர் பார்க்க ஒற்றைக் குண்டில் உடைக்க வேண்டும். தவறினால் துப்பாக்கி அவருக்கு. குழல் நுனியில் குறி பார்ப்பதற்கென்று இருக்கும் பயறளவு மணி எப்போதோ உதிர்ந்துபோனது அவருக்குத் தெரியும். தாராளத்துக்குக் காரணம் அதுதான்.

அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு டவுனில் துப்பாக்கி ரிப்பேர் செய்பவரிடம் போனாள். அவர் மணிகள் போட்டுவைத்திருந்த டப்பாவைக் கவிழ்த்தார். பளபளவென்றிருந்த பித்தளை மணியை நான்தான் எடுத்தேன். அவரும் தலையாட்டினார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. அதைப் பொருத்தச் சொல்லி, வெளிச்சம் மங்கும்வரை அங்கேயே காத்திருந்து, தெருவில் இறங்கி எதிர்ச்சுவரின் நிழலைக் குறி பார்த்தாள். சைக்கிளில் வந்த ஒருவர் அலறிக் குதித்து இறங்கினார்.

"வெயில்ல மின்னுது, இருட்டுனா கருத்துப்போவுது. வெள்ளையா ஒண்ணு குடுங்க."

"வெள்ளை இல்லியே மதாம். சொல்லியனுப்பணும், மாசக்கணக்காவும்."

அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கருமாதியன்று பெண்கள் கூடிக் கழற்றிய அவளுடைய முத்து மூக்குத்தி அதற்குள் இருந்தது. அவர் ஒரு முறை அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முத்தைப் பெயர்த்து, குழல் நுனியில் அரக்கு வைத்துப் பதித்துக்கொடுத்தார்.

பந்தயத்தன்று சட்டி சில்லுச்சில்லாகச் சிதறியது. நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது. பெரியப்பா துப்பாக்கியைப் பிடுங்கிப் பார்த்தார், முகம் சிவந்துவிட்டது.

"இது மூக்குத்தி முத்தாச்சே! தாலியறுத்தவ போடக் கூடாதுன்னு தெரியாது?"

"நான் எங்க போட்டேன்? துப்பாக்கிதான் போட்டிருக்கு. அதுக்குப் புருஷன் சாவலியே அண்ணே!"

அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்து நான் இன்னும் பலமாகச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு துப்பாக்கியை யாரும் கேட்கவில்லை. கடலை பிடுங்கி முடிந்து, பன்றி எட்டிக்கூடப் பார்க்காத நாட்களிலும் அத்தை சாயங்காலமானால் கொல்லைமேட்டில் நிற்பாள். குண்டு போடாத துப்பாக்கியைக் கன்னத்தோடு அணைத்து, நுனியில் வெளுத்துத் தெரியும் அந்த முத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். எதைச் சுடப்போகிறாள் என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரே தேடுவேன். அங்கே வெறும் கொல்லைதான் கிடக்கும்.